முப்பது வாட்

எஸ்.ஜே.பி. ரோட்டில் நின்றுகொண்டு
சத்தமில்லாத ஜெனரேட்டர் கேட்பவனை
இம்தியாஸ் பாய் ஏற இறங்கப் பார்த்தார்.
"உள்ள வாங்க சார்.
இங்க யானை பிளிறினாலும் கேக்காது."

வண்டி பின்சந்தில் நிற்கிறது.
ஒன்பது வருஷம் ராத்திரி ஷிப்ட்காரர்களை
ஒயிட்ஃபீல்டுக்கு ஏற்றி இறக்கிய வேன்.
பன்னிரண்டு இருக்கைகளையும் கழற்றியாயிற்று.
இப்போது ஒரு கட்டில், ஒரு பலகை, ஒரு குட்டி ஃபிரிட்ஜ்.
ஸ்டிக்கரை உரித்தாலும்
'பெண் ஊழியரைக் கடைசியாக இறக்காதே' என்பதை
வெயில் சாய்ந்தால் இன்னும் வாசிக்கலாம்.

"என்னென்ன ஓடணும்?"
பழைய பில்லின் முதுகில் எழுதினார்.
ஃபிரிட்ஜ் அறுபது. விளக்கு பத்து.
மின்விசிறி இருபத்தைந்து.
கெட்டில் ஆயிரத்து ஐந்நூறு.
"கெட்டிலை அடிங்க" என்றாள் ஜெசிந்தா. "அடுப்பு இருக்கு."
ஒரே கோட்டில் இருபதாயிரம் ரூபாய் இறங்கியது.

"அறுபதுன்னு போட்டாலும்
கிளம்பும்போது ஃபிரிட்ஜ் மூணு மடங்கு கேக்கும் சார்.
அப்புறம் தானா அடங்கிடும்."
கல்யாணமான புதிதில் நாங்களும் என்று
சொல்ல வந்து விட்டுவிட்டேன்.
கடையில் பையன்கள் இருந்தார்கள்.

"வேற?"
வேறொன்று இருக்கிறது.
மூக்கைத் தொட்டுக் காட்டினேன்.
தூக்கத்தில் நின்றுபோகும் மூச்சை
ஊதி ஊதித் திருப்பி அனுப்பும் பெட்டி.
"எவ்வளவு இழுக்கும்?"
"முப்பது."
எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டார்.
ஐம்பத்து மூன்று வயதில் என் மூச்சின் கூலி அது.
வீட்டு சீலிங் ஃபேனில் பாதிகூட இல்லை.

பையன் இரண்டை இறக்கி வைத்தான்.
ஒன்று திறந்த உடம்பு, நாற்பத்தைந்து கிலோ.
கயிறு இழுத்ததும் கரும்பு மெஷினாய் அதிர்ந்தது,
அலமாரியில் நட்டுகள் நடந்தன.
மற்றது சிவப்புப் பெட்டி, மூடிய வாய், இரட்டை விலை.
ஓடுகிறதா என்று கைவைத்துப் பார்த்தேன்.
சூடு இருந்தது. அவ்வளவுதான்.
"இதுதான்" என்றேன்.

"வேண்டாம்" என்றாள்.

விலைக்காக என்று நினைத்துப்
பாய் கால்குலேட்டரை எடுத்தார்.
அவள் அவரிடம்தான் சொன்னாள், என்னிடம் இல்லை:
"அந்தப் பெட்டி வர்றதுக்கு முந்தி ஏழு வருஷம்
இவர் குறட்டை நின்னாத்தான் எனக்கு முழிப்பு வரும்.
எண்ணுவேன். பதினஞ்சு, இருபது.
ஒருதடவ நாப்பத்தொண்ணு.
காட்டுல ராத்திரி இது நின்னுபோச்சுன்னா
எனக்கு எப்படிங்க தெரியும்?"

வெளியே ஒரு லாரி
தன் பாட்டைப் போட்டுக்கொண்டு பின்வாங்கியது.
நாற்பத்தொன்று.
எனக்கு அது தெரியாது.

பாய் மாடிக்கு ஆளனுப்பி மூன்றாவதை வரவழைத்தார்.
"பழசு. சிவாஜிநகர் பிரியாணிக் கடையில இருந்தது.
கரண்ட் சுத்தமா வரும், மெஷினுக்கு ஒண்ணும் ஆகாது.
மூடி மட்டும் கொஞ்சம் ஆட்டம்."
டுக்கு டுக்கு டுக்கு,
எதற்கும் அவசரமில்லாத ஒரு சத்தம்.
மூடியில் ஏலக்காய் வாசனை.
ஜெசிந்தா கண்ணை மூடிக் கேட்டாள்,
நான் டெசிபல் அட்டையைப் பையில் மடித்து வைக்கும்வரை
திறக்கவில்லை.

"ஜன்னல்கிட்ட வைக்காதீங்க மேடம்.
அந்தப் புகையில இருக்கிற விஷத்துக்கு மணம் கிடையாது,
தூங்கறவங்களை எழுப்பாமலே தூக்கிடும்.
இருபதடி தள்ளி, காத்து போற பக்கமா."
ஒயரைத் தன் முழங்கையால் அளந்து கொடுத்தார்.
ரெண்டு முழம் அதிகமாகவே இருக்கும்.

அன்றிரவு லிங்கராஜபுரம் வீட்டில்
முகமூடி மாட்டுமுன் இருட்டில் படுத்து
மூச்சை அடக்கிப் பார்த்தேன்.
நாற்பத்தொன்று எவ்வளவு நீளம் என்று.
பத்தில் ஒன்றுமில்லை.
இருபதில் காது அடைத்தது.
இருபத்தெட்டில்
அவள் கை நெஞ்சுக்கு வந்துவிட்டது.

"தூங்குங்க" என்றாள்.
பிறகு,
"அதைக் கட்ட கயிறு வாங்கலையே."